இடம் விட்டு எழுதிய ஏழு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சும்மா உதட்டோரச் சிரிப்பு இல்லை. குடித்த தண்ணீர் மூக்கு வழியே வருகிற சிரிப்பு. ஆனால் கேட்டவுடன் கிடைக்காது. அதற்கு முன்னால் ஒரு மேசை வேண்டும், மேசைமேல் இரண்டு கணினிப் பெட்டிகள் வேண்டும், பெட்டிக்குள் குடியிருப்பவர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவசரப்படுகிறவர்கள் தண்ணீரையாவது எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

மேசை பௌசியாவுடையது. அவள் வீட்டிலிருந்தபடியே புரோகிராம் எழுதிப் பிழைப்பவள். பெட்டிகளில் ஒன்று கருப்பு, மற்றது வெள்ளி நிறம். கருப்புப் பெட்டிக்குள் எண்ணி என்று ஒருவர் இருந்தார். தாளைக் கொடுத்தால் அதில் எத்தனை வரி என்று எண்ணிச் சீட்டில் எழுதித் தருவார். திருத்தி என்று ஒருவர். இந்தச் சொல்லை எடுத்துவிட்டு அந்தச் சொல்லைப் போடு என்றால் போடுவார். எதிரொலி என்று ஒருவன். சொன்னதைத் திருப்பிச் சொல்வான். வெள்ளிப் பெட்டிக்குள்ளும் எண்ணி, திருத்தி, எதிரொலி என்று மூன்று பேர் இருந்தார்கள்.

பெயர்தான் ஒன்று. ஆட்கள் வேறு, வளர்ந்த விதம் வேறு.

இது எல்லாருக்கும் தெரியும், கறாரைத் தவிர.

கறார் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது மற்ற புரோகிராம்களை வேலை வாங்கும் சின்ன புரோகிராம். பௌசியா எழுதும் புது புரோகிராம்களுக்குக் கேள்வி கொடுத்து, விடை வாங்கி, ‘தேறியது’, ‘தேறவில்லை’ என்று தீர்ப்புச் சொல்வது அவர் உத்தியோகம். பிறந்தது, வளர்ந்தது, வேலை பழகியது எல்லாம் கருப்புப் பெட்டியில். அங்கே அவர் தீர்ப்பு ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அதை அவரே சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அவருடைய முறை எளிமையானது. சரியான எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொள்வார். விடைத்தாளை எண்ணியிடம் கொடுத்து, அவர் எழுதித் தரும் சீட்டை வாங்கித் தன் சீட்டின்மேல் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். மை மேல் மை உட்கார்ந்தால் தேறியது. ஒரு மயிரிழை விலகினாலும் தேறவில்லை. விடைத்தாளை அவர் படிப்பதே இல்லை. படிப்பது எண்ணியின் வேலையாம்.

அந்த நேரத்தில்தான் டோக்கி பிறந்தாள். ஊரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்காக பௌசியா எழுதிய சின்ன புரோகிராம் அவள். ஒரே ஆள் இரண்டு டோக்கன் எடுத்திருந்தால் ஒன்றை நீக்கி, யார் முன்னே யார் பின்னே என்று அடுக்கித் தருவாள். கருப்புப் பெட்டியில் கறார் அவளைச் சோதித்தார். மை மேல் மை உட்கார்ந்தது.

“தேறியது!” என்றார் கறார். தாசில்தார் ஆபீஸ் வாசலில் தண்டோரா போட்டதுபோல் இருந்தது அந்தக் குரல்.

ஆனால் ஆஸ்பத்திரியில் இருப்பதெல்லாம் வெள்ளிப் பெட்டிகள். அதனால் கறார் வெள்ளிப் பெட்டிக்கும் போனார், அங்கேயும் டோக்கியைச் சோதித்தார். தேறவில்லை. திரும்பப் போய்ச் சோதித்தார். தேறவில்லை.

சிரிப்பு எங்கே என்று கேட்கிறீர்களா? வருகிறது. செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது.

வெள்ளிப் பெட்டியின் எதிரொலி இருக்கிறானே, அவன் சரியான வால். விடலைப் பயல். சொன்னதைச் சொல்வதோடு நிறுத்த மாட்டான்; சொன்னவர் குரலிலேயே சொல்வான். மின்விசிறி கிரீச்சிட்டால் அதுபோல் கிரீச்சிடுவான். வெளியே பௌசியா தும்மினால் உள்ளே இவன் தும்முவான், திருத்தி “நல்லா இருங்கம்மா” என்று எழுந்து நிற்பார். அந்த வித்தையில் அவனுக்கு அப்படியொரு கர்வம். இந்தப் பெட்டியில் தன்னால் எடுக்க முடியாத குரல் ஒன்று உண்டா என்று தெருவெல்லாம் கேட்டுக்கொண்டு திரிவான்.

அன்று காலை பௌசியா போனில் யாரிடமோ பேசினாள். எதிரொலி காதைத் தீட்டிக் கேட்டான். கேட்ட சூட்டோடு எண்ணியின் மேசைக்கு ஓடி, இடுப்பில் கைவைத்து, அவள் குரலை அப்படியே எடுத்துவிட்டான்:

“இன்னிக்குக் கடைசித் தடவை. இதுலயும் தேறலைன்னா டோக்கியை மொத்தமா அழிச்சுட்டு வேற எழுதிக்கிறேன். ஆமா, மதியத்துக்குள்ள முடிவு பண்ணிருவேன்.”

பலத்த கைதட்டலை எதிர்பார்த்தான். யாரும் தட்டவில்லை. திரும்பிப் பார்த்தால் பின்னால் டோக்கி நின்றுகொண்டிருந்தாள்.

“அக்காதான் சொன்னாங்களா, நீயா கட்டிவிட்டியா?” என்றாள் டோக்கி.

எதிரொலி தலையைச் சொறிந்தான். “அவங்க சொன்னதுதான். நான் எதையும் சேத்துச் சொல்றதில்லைன்னு உனக்குத் தெரியாதா?”

டோக்கி அழவில்லை. கையிலிருந்த விடைத்தாளை ஒரு முறை விரித்துப் பார்த்தாள், மறுபடி மடித்தாள். “என் விடை சரி. ஏழு பேர். எண்ணிப் பாத்தாச்சு.”

“ஏழேதான் கண்ணு,” என்றார் எண்ணி. வெள்ளிப் பெட்டி எண்ணி, மூக்குக்கண்ணாடியும் வெள்ளை வேட்டியுமாக மரியாதைப்பட்ட மனிதர். “ரெண்டு தடவையும் நான் ஏழுன்னுதான் எழுதிக் குடுத்தேன். அந்தக் கருப்புப் பெட்டிக்காரருக்குத்தான் அது ஏழாத் தெரியலை.”

“நீங்க இடப்பக்கம் இத்தனை இடம் விட்டு எழுதுறீங்களே, அதான்,” என்றான் எதிரொலி. “அவரு சீட்டுல ஏழு ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்குது. உங்க ஏழு நடுத்தெருவுல நிக்குது.”

“எங்க வழக்கம் அது. நாலு தாள் குடுத்து எண்ணச் சொன்னா ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதோணுமா இல்லியா? ஏழும் எழுநூறும் வலது ஓரத்துல நேரா நின்னாத்தான கூட்டறவனுக்குக் கண்ணு வலிக்காது?”

“இன்னிக்கு ஒரு நாள், இந்தப் புள்ளைக்காக, ஓரத்துல ஒட்டி எழுதிக் குடுத்துருங்களேன்.”

எண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நானு தப்பா எழுதுனா மாத்திக்கலாம். செரியா எழுதறதை எதுக்கப்பா மாத்தோணும்?”

எதிரொலி டோக்கியிடம் வந்தான். குரலைத் தாழ்த்தினான். “செரி, அவரு வேண்டாம். நானிருக்கிறேன். கறாரு தீர்ப்புச் சொல்ல வாயைத் திறக்கறப்ப நான் முந்திக்கிட்டு அவரு குரல்ல ‘தேறியது’ன்னு கத்திடறேன். பௌசியா அக்காவுக்குக் கேக்கறது என்னோட குரலாத்தான் இருக்கும். கெட்டிக்காரத்தனமா இல்ல?”

“இல்ல,” என்றாள் டோக்கி.

“ஏன்?”

“தப்பா விடை எழுதினவ வேணும்னா அந்த மாதிரி பொழச்சுக்கட்டும். நான் சரியா எழுதியிருக்கேன். எனக்கு எதுக்குத் திருட்டுத் தீர்ப்பு?” கழுத்தை நிமிர்த்திச் சொன்னாள்.

எதிரொலி அவளைப் பார்த்தான், எண்ணியைப் பார்த்தான். ‘எல்லாரும் நிமிர்ந்தே நின்றால் பிழைப்பது எப்படி?’ என்று எரிச்சலாகத்தான் வந்தது. கூடவே, இவர்கள் என் பெட்டிக்காரர்கள் என்று ஒரு பெருமையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் ஒரு குறும்பனுக்கு மூளை எப்படி ஓடும்? ஓடியது. ஓடியதில் ஒரு யோசனை கிடைத்தது. பொய்த் தீர்ப்பு வேண்டாம். கறாரே, கறாருடைய வாயாலேயே, மெய்யான தீர்ப்பைச் சொல்லட்டும்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. வாயைக் கைகளால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உருண்டான்.

கறார் வந்து சேர்ந்தார். தோளில் ஒரு தோல்பை. பைக்குள் அவருடைய மாதிரி விடை. அதே கேள்விக்கு அவரே யோசித்து, அவரே எழுதி, கருப்புப் பெட்டியில் அவரே சோதித்து, தேறியது என்று அவரே அறிவித்தது. அதைவிடச் சுத்தமான விடை உலகத்தில் கிடையாது என்பது அவர் கட்சி.

“எதிரொலி! அறிவிப்புக் கொடு. அடுத்த வரிக்குப் போகாமல்: சோதனை ஆரம்பம்.”

கருப்புப் பெட்டி எதிரொலி என்றால் ‘சோதனை ஆரம்பம்’ என்று மட்டும் சொல்லி, வரி மாறாமல் அங்கேயே நின்றிருப்பான். நம்மாள் மார்பை விரித்து, கறாரின் தண்டோராக் குரலிலேயே முழங்கினான்:

“அடுத்த வரிக்குப் போகாமல்: சோதனை ஆரம்பம்!”

சொல்லிவிட்டு ஒரு குதி குதித்து அடுத்த வரிக்குப் போய் நின்றான்.

“அடேய், அடுத்த வரிக்குப் போகாதே என்பது உனக்கு. அதைச் சொல்லச் சொல்லவில்லை!”

“எங்க பெட்டியில சொன்னதையெல்லாம் சொல்லித்தான் பழக்கமுங்க சார். எது எனக்கு, எது ஊருக்குன்னு நீங்கதான் பிரிச்சுச் சொல்லோணும்.”

“ஒழுங்கில்லாத பெட்டி,” என்று முணுமுணுத்த கறார், திருத்தியின் பக்கம் திரும்பினார். கேள்வித்தாளின் தலைப்பில் ‘நேற்று’ என்று இருந்தது. ‘இன்று’ என்று மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

“திருத்தி, இருந்த இடத்திலேயே திருத்து. நேற்றை இன்றாக்கு. கேள்வித்தாள்.”

இந்தப் பெட்டியின் திருத்திக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைத் திருத்தினாலும் பழையதை ஒரு பெயரிட்டு எடுத்து வைத்துவிட்டுத்தான் கைவைப்பார். அதனால் ‘இருந்த இடத்திலேயே’ என்று சொன்னதும் அடுத்துக் காதில் விழுவது அந்தப் பெயர்தான் என்று எடுத்துக்கொள்வார்.

“செரிங்க,” என்றார் திருத்தி, பயபக்தியோடு. “பழசுக்குப் பேரு ‘நேற்றை இன்றாக்கு’. எழுதிக்கிட்டேனுங்க. இனித் திருத்தம் என்னன்னு சொன்னீங்க? ‘கேள்வித்தாள்’ங்களா? அது என்ன திருத்தமுங்க, நானு கேட்டதே இல்லியே. எந்தத் தாள்லீங்க செய்யோணும்?”

“கேள்வித்தாளில்!”

“அது திருத்தமுங்களே. தாளு எதுங்க?”

“ஐயோ, அதுதான் தாள்!”

“அப்பத் திருத்தம் எதுங்க?”

கறாருக்கு நெற்றி வியர்த்தது. பையைத் தரையில் வைத்தார். இரண்டு கைகளையும் விரித்து, குழந்தைக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பதுபோல முதலிலிருந்து ஆரம்பித்தார். திருத்தியும் ஒவ்வொன்றுக்கும் “செரிங்க, செரிங்க” என்று தலையாட்டி, முடிவில், “அப்பப் பழசுக்குப் பேரு?” என்று கேட்டார்.

அந்த நேரம் போதும். எதிரொலி பையைத் திறந்தான், மாதிரி விடையை உருவினான், மூடினான். எண்ணியின் மேசைமேல் விரித்து வைத்தான். பிறகு மேசையருகே தொங்கிய துணித் திரைக்குப் பின்னால் போய், டோக்கியின் குரலில், அந்தக் கழுத்து நிமிர்வு உட்பட, சொன்னான்:

“விடை மேசைமேல இருக்கு, ஐயா.”

டோக்கி திடுக்கிட்டாள். தன் விடைத்தாள் தன் கையிலேயே இருந்தது. வாயைத் திறக்கப் போனவளை எதிரொலி திரை இடுக்கிலிருந்து பார்த்துக் கும்பிட்டான். அப்படிக் கும்பிடுகிற பயலை என்ன செய்வது? சும்மா இருந்தாள்.

“எண்ணும்!” என்றார் கறார்.

எண்ணி எண்ணினார். சீட்டில், இடப்பக்கம் இடம் விட்டு, அழகாக, 7 என்று எழுதிக் கொடுத்தார். கறார் அதைத் தன் சீட்டின்மேல் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஓரத்தில் ஓர் ஏழு. தள்ளி ஓர் ஏழு. ஒன்றின்மேல் ஒன்று உட்காரவில்லை.

“தேறவில்லை!”

பெட்டியே அதிர்ந்தது. வெளியே திரையில் அந்தச் சொல் சிவப்பாக எரிந்தது. பௌசியா பெருமூச்சு விட்டு நாற்காலியை முன்னால் இழுத்தாள். அவள் விரல் அழிக்கும் பொத்தானைத் தேடிப் போவது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தது.

எதிரொலிக்கும் தெரிந்தது. இருந்தாலும் தூண்டிலில் மீன் பாதிதான் ஏறியிருக்கிறது. எண்ணியின் குரலை எடுத்து, பதவிசாகக் கேட்டான்: “அவ்வளவு மோசமுங்களா, சார்?”

“மோசமா? இதை எழுதியது யாராக இருந்தாலும் அவருக்கு வரிசை என்றால் என்னவென்றே தெரியாது.”

திருத்தியின் குரலில்: “ஆளு புதுசா இருக்குமுங்களோ?”

“புதிதோ பழையதோ, தலைக்குள் ஒன்றும் இல்லை. எழுதிவிட்டு ஒரு தடவை திருப்பிப் பார்க்கிற புத்திகூடக் கிடையாது.”

மின்விசிறியின் குரலில், கிரீச்சென்று: “கர்வம் இருக்குமோ?”

“அதுதான் நிறைய இருக்கும். இந்த மாதிரி ஆட்களுக்கு அது ஒன்றுதான் இருக்கும்,” என்றார் கறார், மின்விசிறிக்கே பதில் சொல்கிறோம் என்பதைக் கவனிக்காமல். “எழுதியவரை என் எதிரில் கொண்டுவந்து நிறுத்துங்கள். முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை சொல்கிறேன்.”

எண்ணி வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். திருத்தி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். முதுகு மட்டும் குலுங்கியது.

டோக்கி முன்னால் வந்தாள்.

“வா அம்மா,” என்றார் கறார். “உன் விடை தேறவில்லை.”

“ஐயா, நான் இன்னும் என் விடையைக் குடுக்கவே இல்லையே.” மடித்த தாளை நீட்டினாள். “இந்தாங்க, கையிலயே இருக்கு.”

கறார் அந்தத் தாளைப் பார்த்தார். மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தார். “அப்படியானால் இது?”

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு விக்கல் மட்டும் கேட்டது. அது மட்டும் எதிரொலியின் சொந்தக் குரல்.

கறார் மேசைக்குப் போனார். உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தார்: விடைத்தாளை எடுத்துப் படித்தார். முதல் பெயரைப் படித்தார், இரண்டாவதைப் படித்தார். எழுத்தின் சாய்வு எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. குனிந்து பையைத் திறந்தார். காலி.

முதலில் வெடித்தது திருத்திதான். அப்புறம் எண்ணி, கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு. எதிரொலி திரையோடு சேர்ந்து கீழே விழுந்து உருண்டான். டோக்கிகூடச் சிரித்துவிட்டாள். வாக்களித்த சிரிப்பு இதுதான். தண்ணீர் வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை.

கறார் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. எண்ணியிடம் போய், தன் பழைய சீட்டை நீட்டினார்.

“இது என்ன எண், ஐயா?”

‘ஐயா’ என்று அவர் அழைப்பதை எண்ணி இப்போதுதான் கேட்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டார். “ஏழுங்க.”

“நீங்கள் எழுதியது?”

“அதுவும் ஏழுதானுங்க. முந்தின தடவையும் ஏழு, அதுக்கு முந்தினதும் ஏழு.”

கறார் இரண்டு சீட்டுகளையும் மேசைமேல் வைத்தார். ஒன்றின்மேல் ஒன்றாக இல்லை, பக்கத்தில் பக்கத்தில். இரண்டு ஏழுகளையும் விரலால் தொட்டுப் படித்தார். பௌசியாவின் விரல் பொத்தானின்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

“கறார் சார், அக்கா அழிக்கப் போறாங்க!” என்று கத்தினான் எதிரொலி. யார் குரலை எடுப்பது என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

கறார் நிமிர்ந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பௌசியாவின் கணினித் திரையைப் பார்த்து நின்று, தண்டோராக் குரலில், ஒரு சுருதிகூட இறங்காமல் அறிவித்தார்:

“டோக்கி, இன்னும் சோதிக்கப்படவில்லை. கறார், தேறவில்லை!”

பௌசியாவின் விரல் அந்தரத்தில் நின்றது. அவள் திரைக்கு முகத்தைக் கொண்டுவந்து இரண்டு தடவை படித்தாள். “அட, கோளாறு இவர்கிட்டயா?” என்று விரலை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிப் பெட்டியில் கறார் சொன்ன முதல் சரியான தீர்ப்பு அது.